போன்தான் படிக்கிறதே, அப்புறம் என்ன குறை? பார்வையற்ற வாசகரும் ஓ.சி.ஆரும்

பாடநூலை அணுகத்தக்க வடிவில் தாருங்கள், அரசாணையைப் படமாகப் போடாதீர்கள், வங்கிக் கடிதத்தை மின்கோப்பாக அனுப்புங்கள் என்று பார்வை மாற்றுத்திறனாளிகள் கேட்கும்போதெல்லாம் ஒரு பதில் தயாராக வருகிறது: "இப்போதுதான் படம் எடுத்தாலே போன் படித்துக் காட்டிவிடுகிறதே?" கேட்பவரைக் குறை சொல்ல முடியாது. ஆங்கிலத்தில் அச்சான பக்கத்தை நல்ல வெளிச்சத்தில் படம் எடுத்தால் போன் சில நொடிகளில் கடகடவென்று படிக்கத்தான் செய்கிறது. அதே போனைத் தமிழ்ப் பக்கத்தின் மேலோ, மருத்துவர் தந்த சீட்டின் மேலோ, 1960களில் அச்சான நாவலின் மேலோ பிடித்தால் நிலைமை மாறிவிடும். எங்கே மாறுகிறது, ஏன் மாறுகிறது என்பதை அடிப்படையிலிருந்து பார்க்கலாம்.

படம் குரலாக மாறும் வழி

ஸ்கேன் செய்த பக்கம் கணினியைப் பொறுத்தவரை வெறும் படம். ஏ4 தாளை அங்குலத்துக்கு 300 பிக்சல் வீதம் ஸ்கேன் செய்தால் 2480-க்கு 3508, அதாவது சுமார் 87 லட்சம் பிக்சல்கள் கிடைக்கும். ஒவ்வொரு பிக்சலும் எவ்வளவு கருப்பு, எவ்வளவு வெளுப்பு என்ற தகவல் மட்டுமே அந்தக் கோப்பில் இருக்கும். 'அ' என்ற எழுத்து அதில் எங்கும் இல்லை. என்.வி.டி.ஏ., ஜாஸ், டாக்பேக், வாய்ஸ்ஓவர் போன்ற திரைவாசிப்பான்கள் அடிப்படையில் எழுத்தைப் பேசுபவை. படத்திலிருந்து எழுத்தைப் பிரித்தெடுத்து அவற்றுக்குக் கொடுப்பது எழுத்துணரி மென்பொருள். பேச்சில் எல்லாரும் ஓ.சி.ஆர். என்றுதான் சொல்கிறோம்.

இந்த மாற்றம் ஒரே தாவலில் நடப்பதில்லை. ஆறு படிகள் உண்டு.

1. படம் பிடித்தல். ஸ்கேனர் அல்லது கேமரா.

2. சுத்தம் செய்தல். சாய்ந்த பக்கத்தை நிமிர்த்துவது, தலைகீழாக இருந்தால் திருப்புவது, பழுப்பேறிய தாளை வெளுத்து எழுத்தைக் கருப்பாக்குவது, தூசு போலத் தெரியும் சிறு கறைகளை அழிப்பது.

3. பக்கத்தைப் பிரித்தல். தலைப்பு எது, பத்தி எது, அடிக்குறிப்பு எது, செய்தித்தாளில் உள்ளதுபோல் இரண்டு பத்திகள் அருகருகே ஓடினால் எதை முதலில் படிப்பது என்று முடிவு செய்வது.

4. எழுத்தை அடையாளம் காணுதல். முன்பெல்லாம் ஒவ்வொரு எழுத்தையும் தனியாக வெட்டி, வடிவத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். இப்போது ஒரு வரியை முழுதாக, மாதிரிகளைப் பார்த்துத் தானே கற்றுக்கொள்ளும் நரம்பு வலையமைப்பு என்ற நிரலுக்குக் கொடுத்துவிடுகிறார்கள். ஹெச்.பி. நிறுவனத்தில் 1980களில் பிறந்து, 2005-இல் திறமூலமாக வெளியிடப்பட்ட டெசராக்ட் என்ற எழுத்துணரி, 2018-இல் வந்த 4-ஆம் பதிப்பில்தான் இந்த முறைக்கு மாறியது. தமிழுக்கும் அதில் பயிற்சிக் கோப்பு உண்டு.

5. மொழியறிவால் திருத்துதல். 'இதற்குப் பிறகு இந்த எழுத்து வருமா' என்று மொழியின் வழக்கத்தை வைத்துச் சந்தேகத்தைத் தீர்ப்பது.

6. குரல். கிடைத்த எழுத்தைப் பேச்சொலி மென்பொருள் ஒலியாக்குவது.

இந்த ஆறில் எது சறுக்கினாலும் காதில் விழுவது ஒன்றுதான், புரியாத பேச்சு. ஆனால் அதற்கான மருந்து ஒவ்வொரு படிக்கும் வேறு. மூன்றாம் படியில் பத்திகள் கலந்துபோன பக்கத்தை எத்தனை தடவை நல்ல வெளிச்சத்தில் மறுபடி படம் எடுத்தாலும் பயனில்லை. பத்தியை மறைத்து மறைத்து, ஒவ்வொன்றாக எடுக்க வேண்டும். மாறாக, முதல் படியிலேயே பக்கத்தின் வலது ஓரம் வெட்டுப்பட்டிருந்தால் மென்பொருளை மாற்றிப் பார்ப்பது வீண் வேலை. பார்வையற்ற வாசகர் தேறவேண்டிய கலை இதுதான். வருகிற குளறலின் குணத்தைக் கேட்டே, அது எந்தப் படியில் பிறந்தது என்று கணிப்பது.

கேட்டுப் பழகினால் அடையாளம் தெரியும். எல்லா வரிகளின் கடைசிச் சொல்லும் பாதியில் நின்றால் ஓரம் வெட்டுப்பட்டிருக்கிறது. ஒவ்வொரு சொல்லும் சரியாக இருந்து, வாக்கியம் மட்டும் ஐந்து சொல்லுக்கு ஒரு முறை வேறு விஷயத்துக்குத் தாவினால் பத்திகள் கலந்துவிட்டன. விரித்த புத்தகத்தின் நடுவில் மட்டும், அதாவது தையல் ஓரத்தில் மட்டும் குளறினால் தாள் அங்கே வளைந்து எழும்பியிருக்கிறது. சொல்லுக்குச் சொல் உளறல் என்றால், பெரும்பாலும் மொழித் தேர்வில் தமிழுக்குப் பதில் ஆங்கிலம் இருக்கும்.

விரல் படித்தது, பிறகு எந்திரம் படித்தது

அச்சை நேரடியாகப் படிக்கும் கருவிக்கு நூறாண்டுக்கு மேல் வயதாகிறது. ஃபூர்னியே டால்ப் 1910களில் இங்கிலாந்தின் பர்மிங்காமில் உருவாக்கிய ஆப்டோபோன், எழுத்தின் வடிவத்தை இசைச் சுரங்களாக மாற்றியது. சுரங்களின் சேர்க்கையைக் கேட்டு இது இன்ன எழுத்து என்று கேட்பவர்தான் புரிந்துகொள்ள வேண்டும். மேரி ஜேம்சன் என்ற பார்வையற்ற பெண் 1918-இல் அதை வைத்துப் பொதுமக்கள் முன்னிலையில் படித்துக் காட்டினார், நிமிடத்துக்கு ஏறக்குறைய ஒரு சொல் என்ற வேகத்தில். 1971-இல் விற்பனைக்கு வந்த ஆப்டகான் வேறு வழியில் போனது. சின்னக் கேமராவை வலக்கையால் வரியின் மேல் நகர்த்த, இடக்கையின் ஆள்காட்டி விரலுக்கு அடியில் 144 ஊசிகள் அதிர்ந்து அந்த எழுத்தின் உருவத்தைத் தொட்டுக் காட்டும். ஸ்டான்ஃபோர்டு பேராசிரியர் ஜான் லின்வில், பார்வையற்ற தன் மகளுக்காகத் தொடங்கிய வேலை அது.

இந்த இரண்டு கருவிகளும் எழுத்தை அடையாளம் காணவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். வடிவத்தை மட்டும் கொண்டுவந்து கொடுத்தன. 'இது க, இது த' என்று தீர்மானித்தது மனிதர். அதனால்தான் ஆப்டகானுக்கு மொழி வித்தியாசம் கிடையாது. ஆங்கிலமோ ஜப்பானியமோ தமிழோ, எந்த எழுத்தை வைத்தாலும் அதன் உருவம் விரலுக்கு வந்துவிடும்.

ரே கர்ஸ்வைல் 1976 ஜனவரியில் அறிமுகப்படுத்திய வாசிப்பு எந்திரத்தில் அந்தத் தீர்மானம் எந்திரத்தின் கைக்குப் போனது. எந்த எழுத்துருவையும் அடையாளம் காணும் ஓ.சி.ஆர்., பக்கத்தைப் படம்பிடிக்கும் ஸ்கேனர், எழுத்தைப் பேசும் குரல் மூன்றையும் அவர் ஒன்றாகச் சேர்த்தார். துணி துவைக்கும் எந்திரம் அளவுக்கு இருந்த அதை முதலில் வாங்கியவர்களில் ஒருவர் பாடகர் ஸ்டீவி வொண்டர். அதன் பிறகு அளவு மளமளவென்று சுருங்கியது. மேசைக் கணினியும் ஸ்கேனரும் போதும் என்று ஆக்கிய ஓப்பன்புக், கர்ஸ்வைல் 1000 போன்ற மென்பொருள்கள் வந்தன. 2006-இல் கையடக்கக் கருவி, 2008-இல் நோக்கியா என்82 போனுக்குள்ளேயே வாசிப்பான், 2017-இல் மைக்ரோசாஃப்டின் சீயிங் ஏ.ஐ. என்று போகிறது வரிசை.

வேகமும் வசதியும் எத்தனையோ மடங்கு கூடிவிட்டன, சரி. ஆனால் இரண்டு விஷயங்கள் கைவிட்டுப் போயின. ஒன்று, எந்திரத்துக்குக் கற்றுக்கொடுக்காத எழுத்துமுறையை அது படிக்காது. ஆங்கில வாசகர் வரிசையாக அனுபவித்த மேசைக்கணினி மென்பொருள்கள் பலவும் தமிழருக்கு எட்டாமலே போனது இதனால்தான். இன்னொன்று, தவறு நடந்தால் அது வாசகருக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடும்.

தமிழுக்கென்றே உள்ள சிக்கல்கள்

தமிழுக்கு ஓ.சி.ஆர். இல்லை என்று இன்று யாரும் சொல்ல முடியாது. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வகம் தமிழுக்கென உருவாக்கிய எழுத்துணரி, பாடநூல்களைப் பிரெய்லாக மாற்றும் வேலைக்கே பயன்பட்டிருக்கிறது. கூகுள் டிரைவில் படத்தை ஏற்றி, கூகுள் டாக்ஸாகத் திறந்தால் தமிழ் எழுத்து கிடைக்கிறது. தமிழ் விக்கிமூலத்தில் ஏராளமான நூல்கள் கூகுளின் ஓ.சி.ஆர். வழியாகவே எழுத்தாகியிருக்கின்றன. அங்கே கண்ணால் மெய்ப்புப் பார்க்கத் தன்னார்வலர்கள் இருக்கிறார்கள். காதால் மட்டும் படிப்பவருக்குச் சில பிழைகள் தனியாகக் காத்திருக்கின்றன.

1. புள்ளி தொலைவது. 10 புள்ளி அளவு எழுத்தை 300 பிக்சலில் ஸ்கேன் செய்தால் எழுத்தின் முழு உயரமே சுமார் 42 பிக்சல்தான். அதன் தலையில் உள்ள மெய்ப்புள்ளிக்கு நாலைந்து பிக்சல் தேறும். 150-இல் ஸ்கேன் செய்தால் இரண்டு. இரண்டாம் படியில் சொன்ன கறை நீக்கும் வடிகட்டிக்கு அதுவும் ஒரு தூசுதான், துடைத்துவிடும். பல் வலி 'பல வலி' ஆகும். ஆங்கிலத்தில் 'ஐ' எழுத்தின் மேலுள்ள புள்ளி போனால் குடி முழுகாது, தமிழில் ஏராளமான சொற்களில் புள்ளி இருக்கிறது. எனவே தமிழுக்குக் குறைந்தது 300, பொடி எழுத்தென்றால் 400 வைப்பதும், கறை நீக்கும் வசதியை அணைத்து வைப்பதும் நல்லது. அதற்கு மேல் 600, 1200 என்று போவதால் நேரம்தான் செலவாகும்.

2. கண்ணுக்கு ஒன்று, காதுக்கு வேறு. இதுதான் பார்வையுள்ள மெய்ப்பாளர் கண்ணில் மண்ணைத் தூவும் பிழை. தமிழ் எண் ௧ பார்வைக்குக் 'க' போலவே இருக்கும். ௭ அப்படியே 'எ', ௮ அப்படியே 'அ', ௨ 'உ'. ஆனால் கணினிக்கு அவை வேறு வேறு குறிகள். ஓ.சி.ஆர். 'எ' வரவேண்டிய இடத்தில் ௭ போட்டுவிட்டால், பார்ப்பவருக்கு 'என்ன' என்ற சொல் சரியாகவே தெரியும். திரைவாசிப்பான் 'ஏழு ன்ன' என்று படிக்கும். 'ஔவையார்' என்பதன் முதல் எழுத்தை 'ஒ', 'ள' என இரண்டாகப் பிரித்துவிட்டால் அச்சில் வித்தியாசமே தெரியாது, காதில் 'ஒளவையார்' என்று ஒளி வீசும். 'கௌரவம்' என்பதற்கும் இதே கதிதான். ஓ.சி.ஆர். மட்டுமல்ல, தட்டச்சு செய்பவர்களே இந்தப் பிழையைத் தாராளமாகச் செய்கிறார்கள்.

3. 'ர'வும் துணைக்காலும். பழைய அச்சுகளில் 'ர'வுக்குக் கீழே சாய்ந்த கால் இருக்காது, துணைக்காலும் அதுவும் ஒரே உரு. 'பார்' என்பது 'பரர்' ஆவது இதனால்தான்.

4. 1978-க்கு முந்தைய எழுத்து. அந்த ஆண்டு தமிழக அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஆணையாக வெளியிடும் வரை ணை, லை, ளை, னை நான்கும் முன்னால் வளைந்த கொம்போடும், ணா, றா, னா போன்றவை ஒட்டெழுத்தாகவும் அச்சாயின. மொத்தம் 13 எழுத்துகள்தான் மாறின. ஆனால் அந்தப் பதின்மூன்றில் 'னை'யும் 'லை'யும் 'ளை'யும் இருக்கின்றன என்பதுதான் தலைவலி. அவனை, பாலை, ஆளை என்று இரண்டாம் வேற்றுமை உருபு வந்து ஒட்டும் இடம் அது. புதிய எழுத்துருக்களில் மட்டும் பயின்ற எழுத்துணரி, பழைய 'னை'யைக் கண்டால் தனக்குத் தெரிந்ததில் எது ஓரளவு ஒத்துவருகிறதோ அதைப் போட்டுவிட்டுப் போய்விடும். 'ஐ' உருபு போனால் யார் யாரை அடித்தார் என்பதே வாக்கியத்தில் தங்காது. பழைய நாவலைக் கேட்கும்போது கதை சட்டென்று புரியாமல் போவதற்குப் பல சமயம் இந்த ஒற்றை எழுத்துதான் காரணம்.

ஓ.சி.ஆர். விளம்பரங்களில் '99 விழுக்காடு துல்லியம்' என்று பார்த்தால் கணக்கையும் போட்டுப் பாருங்கள். ஒரு பக்கத்தில் 1500 எழுத்துகள் இருந்தால் 15 பிழை. 200 பக்க நூலுக்கு 3000.

எழுத்து இருந்தும் படிக்காத பிடிஎஃப்

கோப்பு வடிவத்தில்தான் அதிகக் குழப்பம் நிலவுகிறது. "நாங்கள் பிடிஎஃப் தந்துவிட்டோமே" என்று ஓர் அலுவலகம் சொன்னால், அதில் மூன்று வகை இருக்கலாம்.

முதல் வகை, தாளை ஸ்கேன் செய்து அப்படியே போட்டது. எழுத்தே இல்லை, திரைவாசிப்பான் 'காலிப் பக்கம்' என்று சொல்லிவிடும். கையெழுத்தும் முத்திரையும் தெரிய வேண்டும் என்பதற்காகக் கணினியில் தட்டச்சு செய்த ஆணையை அச்செடுத்து, முத்திரை குத்தி, மறுபடி ஸ்கேன் செய்து வெளியிடும் வழக்கத்தால் இந்த வகை பெருகிக்கொண்டே இருக்கிறது.

இரண்டாம் வகை இன்னும் விசித்திரம். எல்லா மொழி எழுத்துகளுக்கும் தனித்தனிக் குறி தரும் பொதுக் குறியேற்றமான யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் செய்த கோப்பு. இலங்கையிலும் தமிழகத்திலும் அச்சகங்களில் பரவலாகப் புழங்கிய பாமினி எழுத்துருவை எடுத்துக்கொள்ளுங்கள். திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரியும். கோப்புக்குள் இருப்பதோ எம், கே, அரைப்புள்ளி, கே, ஹெச் என்ற ஆங்கிலக் குறிகள். எழுத்துரு அந்த ஆங்கிலக் குறிகளுக்குத் தமிழ் வேடம் போட்டுக் காட்டுகிறது, அவ்வளவுதான். திரைவாசிப்பான் வேடத்தைப் பார்ப்பதில்லை, உள்ளே இருப்பதைப் படிக்கிறது. எந்த எழுத்துரு என்று தெரிந்தால் குறியேற்ற மாற்றி ஒன்றில் போட்டு யூனிகோடாக்கிவிடலாம். அது பிழையே இல்லாத வழி. தெரியாவிட்டால், எழுத்துள்ள கோப்பைப் படமாக மாற்றி, அந்தப் படத்தை ஓ.சி.ஆருக்குக் கொடுக்க வேண்டும். சுற்றி வளைத்து மூக்கைத் தொடும் வேலைதான், வேறு வழியில்லை.

மூன்றாம் வகை யூனிகோடு. இதிலும் ஒரு பொறி உண்டு. பிடிஎஃப் எழுத்துகளை அச்சிடும் வரிசையில் வைத்திருக்கும். 'கொ' என்ற எழுத்தில் கொம்பு இடப்பக்கம் முதலில் நிற்பதால் கொம்பு, க, கால் என்று வரிசை மாறிச் சேமிக்கப்படுவது உண்டு. அப்போது 'கொடு' என்பதில் கொம்பு அநாதையாக முன்னால் நிற்க, 'காடு' மட்டும் கேட்கும். இப்படிச் சிதைந்த கோப்பையும் படமாக்கி ஓ.சி.ஆர். செய்தால் நேரடியாகப் படிப்பதைவிடத் தெளிவாக வருவது உண்டு.

விண்டோஸில் என்.வி.டி.ஏ. பயன்படுத்துபவர்களுக்கு ஒரு குறிப்பு. அதில் என்.வி.டி.ஏ. விசையோடு 'ஆர்' அழுத்தினால் திரையிலுள்ள படத்தை உடனே ஓ.சி.ஆர். செய்யும் வசதி 2017 முதல் இருக்கிறது. ஆனால் அது நம்பியிருப்பது விண்டோஸ் 10-இன் சொந்த எழுத்துணரியை. அதன் மொழிப் பட்டியலில் தமிழ் இல்லை. தமிழ்ப் படத்தின் மேல் அதை இயக்கி உளறலைக் கேட்டுவிட்டு, 'தமிழ் ஓ.சி.ஆரே மோசம்' என்று முடிவுகட்டியவர்கள் பலர். தமிழுக்கு டெசராக்டையோ கூகுள் வழியையோ நாட வேண்டும்.

ஸ்கேனரா, போனா?

ஒரு தாள், ஒரு கடிதம், ஒரு மருந்துப் பெட்டி என்றால் போன். ஒரு முழுப் புத்தகம் என்றால் ஸ்கேனர். இதில் பெரிய விவாதத்துக்கு இடமில்லை.

போனில் முதல் சிக்கல் பக்கத்தைச் சட்டத்துக்குள் கொண்டுவருவது. பலரும் கையாளும் முறை எளிது. தாளை மேசையின் ஓரத்துக்கு நேராக வைத்து, போனைத் தாளின் நடுவில் படுக்க வைக்க வேண்டும். இரண்டு முழங்கைகளையும் மேசையில் ஊன்றி, போனைச் சாய்க்காமல் நேராக மேலே தூக்க வேண்டும். ஏ4 தாளுக்கு முப்பது செ.மீ. அல்லது சற்றுக் கூடுதல் உயரம் வேண்டியிருக்கும். சீயிங் ஏ.ஐ. போன்ற செயலிகள் 'கீழ் ஓரம் தெரியவில்லை' என்று குரல் கொடுத்து வழிகாட்டும். அடுத்தது வெளிச்சம். பார்வையற்றவருக்கு விளக்குப் போடவேண்டிய தேவை இல்லை, கேமராவுக்கு உண்டு. இரவில் அறை இருட்டாக இருப்பதை மறந்து படமெடுத்துவிட்டுச் செயலியைத் திட்டுவது சகஜம். போனின் ஃபிளாஷைப் போட்டால் வழுவழுத் தாளில் ஒளி தெறித்து நடு வரிகள் மறைந்துபோகும், அங்கே அறை விளக்குதான் நல்லது.

ஸ்கேனரில் இந்தத் தொல்லைகள் இல்லை. புத்தகத்தை எந்தத் திசையில் வைத்தாலும் நல்ல மென்பொருள் தானே திருப்பிக்கொள்ளும். 'எழுத்து எதுவும் இல்லை' என்று வந்தால் வெற்றுப் பக்கத்தை வைத்திருக்கிறோம் என்று அர்த்தம், புரட்டி வைத்தால் போதும். மெல்லிய தாளில் பின்பக்க எழுத்து ஊடுருவித் தெரிந்து குளறுபடி செய்யும். தாளுக்குப் பின்னால் ஒரு கருப்பு அட்டையை வைத்தால் பெரும்பாலும் அது அடங்கிவிடும். தையல் ஓரத்தில் புத்தகத்தை அழுத்திப் பிடிக்க வேண்டும். பழைய புத்தகம் என்றால் முதுகு பிய்ந்துவிடும் அபாயத்தையும் சேர்த்துத்தான் அழுத்த வேண்டும்.

தயங்காத குரல்

பார்வையற்ற மாணவர்களுக்கு நண்பர்களோ தன்னார்வலர்களோ வாசித்துக் காட்டுவது நெடுநாள் வழக்கம். வாசிப்பவர் ஒரு சொல்லில் திக்கினால், குரலை இழுத்தால், 'இது என்னவோ தெரியலை' என்று முனகினால், கேட்பவர் அந்த இடத்தில் உஷாராகிவிடுவார். பேச்சொலி மென்பொருளுக்குத் திக்கத் தெரியாது. நூறு விழுக்காடு உறுதியான சொல்லையும் குத்துமதிப்பாகப் போட்ட சொல்லையும் ஒரே தொனியில் சொல்லும்.

இத்தனைக்கும் சந்தேகம் எங்கே என்பது எழுத்துணரிக்குத் தெரியும். டெசராக்ட் கேட்டால் ஒவ்வொரு சொல்லுக்கும் நம்பக மதிப்பெண் போட்டுத் தருகிறது. ஆனால் செயலிகளில் பெரும்பாலானவை அதைப் பயனரிடம் சொல்வதே இல்லை. சந்தேகமான சொல்லை வேறு சுருதியில் பேசினாலே போதும், பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை. அதைவிட ஆடம்பரமான வசதிகளுக்கெல்லாம் நேரம் ஒதுக்கும் நிறுவனங்கள் இதை ஏன் செய்வதில்லை என்பது வியப்புதான்.

எந்தப் பிழை ஆபத்தானது என்பதும் இங்கே தலைகீழாகிறது. 'ளன்டடி' என்று உளறினால் பிழை என்று காதுக்கே தெரிந்துவிடும். பல், பல என்பதுபோல் வேறொரு நல்ல சொல்லாக மாறினால்தான் ஏமாறுவோம். எண்களில் ஏமாற்றம் முழுமை, ஏனென்றால் எந்த எண்ணும் தப்பான எண்ணாக ஒலிக்காது. மருந்துச் சீட்டை எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்று, மதியம் இல்லை, இரவு ஒன்று என்பதை 1-0-1 என்று எழுதுவது நம் ஊர் வழக்கம். நடுக்கோடுகள் தேய்ந்திருந்தால் 'நூற்றொன்று' என்று வரும், அது பரவாயில்லை, சிரித்துவிட்டு மறுபடி பார்ப்போம். பல மருந்துகள் கொண்ட பட்டியலில் மூன்றாம் படி சறுக்கி, மேல் வரியின் 1-0-1 கீழ் வரி மருந்தோடு சேர்ந்துகொண்டால் சிரிக்கவும் தோன்றாது. ஏனென்றால் கேட்பது முழுக்க முழுக்க நியாயமான மருந்துச் சீட்டு.

2023 முதல் பரவிய செயற்கை நுண்ணறிவு வாசிப்பான்கள் இந்தச் சிக்கலைக் குறைத்த மாதிரியும் கூட்டிய மாதிரியும் இருக்கின்றன. பீ மை ஐஸ் செயலியின் பீ மை ஏ.ஐ. போன்றவை படத்தைப் பார்த்து விவரிக்கின்றன, கேள்வி கேட்டால் பதில் சொல்கின்றன. கலைந்த பத்திகளையும் அட்டவணைகளையும் இவை பழைய ஓ.சி.ஆரைவிட நன்றாகப் புரிந்துகொள்கின்றன. ஆனால் அடுத்து என்ன வரும் என்று ஊகிப்பதுதான் இவற்றின் இயல்பே. ஆறில் ஐந்தாம் படியை மற்ற எல்லாப் படிகளின் தலைமேல் ஏற்றி உட்கார வைத்தது போன்ற ஏற்பாடு. மங்கிய வரியைப் பழைய ஓ.சி.ஆர். உளறலாகத் தரும். இது இலக்கணச் சுத்தமான வாக்கியமாகத் தரும், தாளில் அந்த வாக்கியம் இல்லாமலே. பழைய நடையைத் தற்கால நடைக்குத் திருத்தும், நீளமான பத்தியைச் சொல்லாமல் சுருக்கும், ஒரு வரியை விழுங்கிவிட்டு முன்பின்னை ஒட்டவும் செய்யும்.

என் கணிப்பில், நாவலுக்கும் செய்திக்கும் இவை போதும். பணம், மருந்து, தேதி, கையெழுத்து போடவேண்டிய தாள் என்றால் போதாது. அங்கே செய்யக்கூடியவை:

1. ஒரே பக்கத்தை இருவேறு மென்பொருள்களில் படித்து எண்களை மட்டுமாவது ஒப்பிடுங்கள். இரண்டும் ஒரே இடத்தில் ஒரே மாதிரி தவறுவது அபூர்வம்.

2. படத்தைப் புதிதாக எடுத்து இன்னொரு முறை படிக்கச் சொல்லுங்கள். விடை மாறினால் இரண்டையும் நம்பாதீர்கள்.

3. செயற்கை நுண்ணறிவிடம் 'என்ன எழுதியிருக்கிறது' என்று பொதுவாகக் கேட்காமல், 'உள்ளது உள்ளபடி வரிக்கு வரி எழுது, தெரியாத இடத்தில் தெரியவில்லை என்று போடு' என்று கேளுங்கள். முழுப் பாதுகாப்பு இல்லை, ஆனாலும் வித்தியாசம் தெரியும்.

4. கூட்டுத்தொகை இருந்தால் கூட்டிப் பாருங்கள். ரசீதில் உருப்படிகளின் கூட்டல் மொத்தத்தோடு ஒத்துவந்தால் எண்கள் சரியாக வந்திருக்கின்றன என்று ஓரளவு தெம்பாக இருக்கலாம்.

மருந்துக்கு இத்தனைக்குப் பிறகும் மருந்துக்கடைக்காரரிடமோ வீட்டில் ஒருவரிடமோ கேட்டுவிடுவதுதான் முறை.

தாள் யாருடைய கணினிக்குப் போகிறது?

ஆங்கிலம் படிப்பவருக்குப் போனுக்குள்ளேயே வேலை முடிந்துவிடுகிறது. ஆண்ட்ராய்டு செயலிகள் பலவும் பயன்படுத்தும் கூகுளின் எம்.எல். கிட், இணையம் இல்லாமல் எழுத்தை அடையாளம் காணும் வசதியை லத்தீன், தேவநாகரி, சீனம், ஜப்பானியம், கொரியம் ஆகிய எழுத்துமுறைகளுக்குத் தருகிறது. தமிழ் அந்த வரிசையில் இல்லை. ஆக, தமிழ்ப் பக்கம் பெரும்பாலும் இணையம் வழியே தொலைவிலுள்ள சர்வருக்குப் போய்த் திரும்புகிறது. நாவல் போனால் போகட்டும். ஆதார் அட்டையின் நகல், வங்கிக் கணக்கு அறிக்கை, மருத்துவப் பரிசோதனை முடிவு, சொத்துப் பத்திரம் ஆகியவையும் அதே வழியில்தான் போகின்றன. பார்வையுள்ளவர் இவற்றை யாருக்கும் காட்டாமல் படித்துவிடுவார். அந்தரங்கத் தாள்களுக்கு, சற்றுப் பிழை கூடினாலும் பரவாயில்லை என்று கணினியில் டெசராக்டை நிறுவி இணையமில்லாமல் படிப்பது நல்ல பழக்கம்.

குறுகிய வேலை என்றால் போனுக்குள்ளேயே முடிக்கலாம் என்பதற்கு உதாரணம் ரூபாய் நோட்டை அடையாளம் காட்டும் மணி செயலி. ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்டது, இணையம் இல்லாமலே இயங்கும்.

சொந்தமாக ஸ்கேன் செய்வது சட்டப்படி சரியா?

சரிதான். இந்தியாவில் 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1) பிரிவில் 'இசட்பி' என்ற உட்பிரிவு, மாற்றுத்திறனாளிகள் பயன்படுத்தும்படி எந்த நூலையும் அணுகத்தக்க வடிவுக்கு மாற்றவும், சொந்தப் படிப்பு, கல்வி, ஆய்வு ஆகியவற்றுக்காக இன்னொரு மாற்றுத்திறனாளியோடு பகிரவும் அனுமதிக்கிறது. பதிப்பாளரின் ஒப்புதல் தேவையில்லை. லாபம் பார்க்கக் கூடாது, தயாரிப்புச் செலவை மட்டும் வாங்கலாம். இதே நோக்கத்தில் நாடுகளுக்கிடையே நூல்களைப் பகிர வழிசெய்யும் மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவானது. அதற்கு முதலில் ஒப்புதல் அளித்த நாடு இந்தியா, 2014 ஜூனில். உடன்படிக்கை 2016 செப்டம்பர் 30 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதே ஆண்டு ஆகஸ்டில், அச்சைப் படிக்க முடியாதவர்களுக்கான சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகமும் தொடங்கியது.

இந்த அனுமதியால் ஒரு நடைமுறைப் பயன் உண்டு. ஒரு தமிழ் நூலை ஒருவர் ஸ்கேன் செய்து, ஓ.சி.ஆர். செய்து, 3000 பிழைகளையும் திருத்திவிட்டால் அடுத்தவர் அதே வேலையைத் தொடக்கத்திலிருந்து செய்யவேண்டியதில்லை. கோப்பை இத்தகைய நூலகங்களுக்கு அவற்றின் உறுப்பு அமைப்புகள் வழியே சேர்க்கலாம். சேர்ப்பவர்கள் மூன்று விஷயம் பார்த்துக்கொண்டால் நல்லது. அச்சு நூலின் பக்க எண்களை அழிக்காமல் வைத்திருங்கள், வகுப்பில் 'பக்கம் 64' என்று ஆசிரியர் சொல்லும்போது தேவைப்படும். ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் திரும்பத் திரும்ப வரும் நூற்பெயரை நீக்கிவிடுங்கள், இல்லாவிட்டால் வாக்கியத்தின் நடுவில் புகுந்து பேசும். ௧, ௭, ௮ குறிகளையும் 'ஒள'வையும் தேடி ஒவ்வொன்றாகப் பார்த்து மாற்றுங்கள், ஏனென்றால் 'ஒளி', 'ஒளவை' இரண்டையும் ஒரே அடியில் மாற்றினால் ஒளியும் கெட்டுப்போகும்.